ட்ரையத்லான் அன்று தடங்கல் வந்தால் என்ன செய்வது? முதல்முறை இறங்குபவர்களுக்கான செய்முறை

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கும் போட்டிதான் ட்ரையத்லான். அதற்காக மாதக்கணக்கில் நீந்தி, மிதித்து, ஓடிப் பயிற்சி எடுக்கும் பலர், சைக்கிள் டியூப் மாற்றிப் பழக ஒரு மாலைகூட ஒதுக்குவதில்லை. போட்டியன்று ஏதாவது ஒன்று கெடத்தான் செய்யும். அப்போது கை தானாக வேலை செய்ய வேண்டுமானால் முன்பே பழகியிருக்க வேண்டும்.

இங்கே 70.3 தூரத்தை (மொத்தம் 70.3 மைல்) எடுத்துக்கொள்கிறோம்: 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். அயர்ன்மேன் என்ற ட்ரையத்லான் தொடரின் இந்தியாவின் முதல் 70.3 போட்டி கோவாவின் மிராமர் கடற்கரையில் 2019-இல் நடந்தது. கடல் நீச்சலும் புழுக்கமும் சேர்ந்த அப்படிப்பட்ட களத்தை மனதில் வைத்துப் படியுங்கள். 750 மீ., 20 கி.மீ., 5 கி.மீ. கொண்ட ஸ்பிரிண்ட் போட்டிக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

நீரில்

பலருக்கும் மூச்சு முட்டுவது முதல் சில நிமிடங்களில்தான். கூட்டம், அலை, தொடக்க வேகம் எல்லாம் சேர்ந்து மூச்சை மேலோட்டமாக்கிவிடும். உள்ளே இருக்கும் காற்றை முழுதாக விடாமல் மேலும் மேலும் இழுப்பதால் மூச்சு போதாதது போலத் தோன்றும். உடனே மல்லாந்து மிதந்திருங்கள். வாயைக் குவித்து நீளமாகக் காற்றை வெளியே விடுங்கள், ஆறேழு முறை. பிறகு தலையை வெளியே வைத்துத் தவளை நீச்சலில் கொஞ்ச தூரம் போய், மூச்சு சீரானதும் ஃப்ரீஸ்டைலுக்கு மாறுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் கையை உயர்த்துங்கள், கயாக் (உதவிக்கு நிற்கும் சிறு துடுப்புப் படகு) வரும். அதைப் பிடித்து ஓய்வெடுக்க விதியில் இடம் உண்டு. அதைக் கொண்டு முன்னோக்கி நகரத்தான் கூடாது. தகுதி போய்விடுமோ என்று பயந்து கயாக்கைத் தவிர்க்காதீர்கள்.

நீச்சல் கண்ணாடி கழன்று போகாமலிருக்க, அதன் பட்டையை ஸ்விம் கேப்புக்கு அடியில் போடுங்கள். இரண்டு கேப் இருந்தால் நடுவில் போடலாம். கெண்டைக்கால் இழுத்துக்கொண்டால் மல்லாந்து, கால்விரல்களை முழங்காலை நோக்கி இழுத்துப் பிடியுங்கள். விட்ட பிறகு காலடிப்பதைக் குறைத்துக் கையால் போங்கள்.

கரையேறியதும் தலை சுற்றலாம். சைக்கிள் நிற்கும் இடம் வரை நடந்தே போங்கள், இழப்பது சில நொடிகள்தான். ஹெல்மெட் கொக்கியை மாட்டிய பிறகே சைக்கிளைத் தொடுங்கள். பதற்றத்தில் அதிகம் பேர் தண்டனை வாங்கும் இடம் இது.

பஞ்சர்

சீட்டுப் பையில் இரண்டு டியூப், டயரை நெம்பிக் கழற்றும் இரண்டு டயர் லீவர், காற்று நிரப்ப 16 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பி இரண்டு, குப்பியை வால்வோடு இணைக்கும் தலைப்பு, ஒரு சின்ன கைப்பம்பு. டியூபின் வால்வு நீளத்தை உங்கள் ரிம்மோடு பொருத்திப் பாருங்கள். 40 மி.மீ. ஆழமுள்ள ரிம்முக்கு 60 மி.மீ. வால்வு வேண்டும். குட்டை வால்வு வெளியே எட்டிப் பார்க்காது. கையில் டியூப் இருந்தும் சாலையோரம் நிற்க வேண்டியதுதான்.

1. சாலையை விட்டு முழுதாக இடப்பக்கம் ஒதுங்குங்கள். பின்சக்கரம் என்றால், நிறுத்துவதற்கு முன் செயினை மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றுங்கள். சக்கரம் சுலபமாகக் கழலும்.

2. மிச்சக் காற்றை விட்டு, டயரின் ஒரு ஓரத்தை மட்டும் லீவரால் கழற்றி, டியூபை உருவுங்கள்.

3. டயரின் உட்புறத்தை விரலால் ஒரு சுற்று மெதுவாகத் தடவுங்கள். கண்ணாடித் துண்டோ முள்ளோ கம்பியோ இன்னும் குத்திக்கொண்டிருக்கும். அவசரத்தில் இதை விட்டுவிட்டால் புது டியூபும் கொஞ்ச தூரத்திலேயே போய்விடும். எந்தப் படியைச் சுருக்கினாலும் இதைச் சுருக்காதீர்கள்.

4. புது டியூபில் வாயால் கொஞ்சம் ஊதி வட்ட வடிவம் கொடுங்கள். வால்வை முதலில் நுழைத்து, டியூபை உள்ளே அடுக்குங்கள்.

5. டயரின் ஓரத்தை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி இரு கட்டைவிரலாலும் உள்ளே தள்ளி, வால்வு அருகே முடியுங்கள். கடைசி சாணுக்கு லீவர் போட்டால் டியூபைக் கடித்துவிடும்.

6. வால்வை ஒருமுறை மேலே அழுத்தி விடுங்கள். ரிம்முக்கும் டயருக்கும் இடையே டியூப் சிக்கியிருக்கிறதா என்று இரு பக்கமும் பாருங்கள். சிக்கிய டியூப் காற்று ஏறியதும் வெடிக்கும்.

7. தலைப்பு வால்வில் நேராக உட்கார்ந்த பிறகே குப்பியைத் திறங்கள். 25 மி.மீ. டயருக்கு ஒன்று போதும். குப்பி உறைபனி போலக் குளிரும், துணியால் பிடியுங்கள். இந்த வாயு டியூப் வழியே சீக்கிரம் கசியும். வீட்டுக்குப் போனதும் சாதாரணக் காற்று நிரப்புங்கள்.

குப்பியை வீணாக்குவது தேர்ந்தவர்களுக்கும் நடக்கும். 2008-இல் ஹவாயின் கோனாவில் நடந்த அயர்ன்மேன் உலகப் போட்டியில் பிரிட்டிஷ் வீராங்கனை கிறிஸ்ஸி வெலிங்டன் பஞ்சராகி, கையிருந்த வாயுவை வீணாக்கி நின்றார். உடன் போட்டியிட்ட ரெபெக்கா கீட் ஒரு குப்பியைக் கொடுத்துவிட்டுப் போனார். சுமார் பத்து நிமிடம் இழந்தும் வெலிங்டனே வென்றார். டியூப், பம்பு, குப்பி ஆகியவற்றைச் சக போட்டியாளரிடம் வாங்க விதி அனுமதிக்கிறது. தயங்காமல் கேளுங்கள்.

இழந்த நேரத்தைத் துரத்தாதீர்கள்

இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகிற ஒருவருக்கு 45-வது கி.மீ.யில் பஞ்சராகி 8 நிமிடம் போகிறது என்று வையுங்கள். மீதி 45 கி.மீ. அவருக்கு 90 நிமிட வேலை. 8 நிமிடத்தையும் அங்கேயே மீட்க நினைத்தால் 82 நிமிடத்தில் முடிக்க வேண்டும், அதாவது மணிக்கு ஏறத்தாழ 33 கி.மீ. வேகம் பத்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆனால் காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மும்மடியில் ஏறுவதால், கால்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக உழைக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் அப்படி மிதித்தவர் அடுத்த 21 கி.மீ.யில் பாதியை நடப்பார். எட்டு நிமிடம் இருபது, முப்பது நிமிடமாகும். ஏறியதும் முதல் ஐந்து நிமிடம் வேண்டுமென்றே மெதுவாக மிதியுங்கள், பழைய வேகத்துக்கே திரும்புங்கள். ஆவேசத்தில் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தில் ஒட்டிக்கொண்டாலும் ஆபத்து: 12 மீட்டர் இடைவெளி விடாவிட்டால் 5 நிமிடத் தண்டனை.

வயிறும் வெயிலும்

மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்று திட்டமிடுங்கள். ஒரு ஜெல்லில் (சிறு பையில் வரும் இனிப்பான கூழ்) பெரும்பாலும் 20-25 கிராம் இருக்கும். வேகத்தடையில் பாட்டில் தெறித்து விழுவது சாதாரணம். அதனால் எல்லாச் சர்க்கரையையும் ஒரே பாட்டிலில் கரைக்காமல் சில ஜெல்களைச் சட்டைப் பையில் வையுங்கள். ஓ.ஆர்.எஸ். உப்பு தரும், ஆனால் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். அதை மட்டும் நம்பினால் சக்தி தீர்ந்துவிடும்.

குமட்டினால் வேகத்தைக் குறைத்து, இருபது நிமிடம் ஜெல்லை நிறுத்தி, தண்ணீரை மட்டும் மடக்கு மடக்காகக் குடியுங்கள். கடுமையாக உழைக்கும்போது வயிற்றுக்குப் போகும் ரத்தம் குறையும். உள்ளே போனது அப்படியே தேங்கும். அதேபோல், பயந்து லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீர் குடிப்பதும் கேடு. ரத்தத்தில் சோடியம் குறைந்து, விரல் வீங்கி, தலைவலியும் குழப்பமும் வரும். அப்போது மேலும் தண்ணீர் கொடுத்தால் நிலைமை மோசமாகும், மருத்துவக் குழுவிடம் போக வேண்டும்.

ஓட்டத்தில் ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் நடங்கள். தொப்பிக்குள் ஐஸ், கழுத்தில் தண்ணீர்.

கொளுத்தும் வெயிலில் உடல் சில்லிட்டு மயிர்க்கூச்செறிந்தால், கால் பின்னினால், எந்தச் சுற்றில் ஓடுகிறோம் என்றே மறந்தால், நெஞ்சு வலித்தால் அங்கேயே நின்று ஆளைக் கூப்பிடுங்கள். இதில் பேரம் கிடையாது. விலகுவதாக முடிவெடுத்தால், சொல்லாமல் அறைக்குப் போய்விடாதீர்கள். நேரம் பதிய உடலில் கட்டியிருக்கும் டைமிங் சிப்பைக் கழற்றி அதிகாரி கையில் கொடுத்து, எண்ணைச் சொல்லிவிட்டுப் போங்கள். கணக்கில் ஒருவர் குறைந்தால் மீட்புப் படகுகள் உங்களைக் கடலில் தேடும்.