ஆல்பம் இருட்டாக வந்தால் லேபைத் திட்டாதீர்கள்: மானிட்டரில் நாம் செய்யும் தவறுகள்

கானாடுகாத்தானில் ஒரு திருமண ஆல்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திண்ணையில் அமர்ந்து புரட்டிக்கொண்டே வந்த ஆச்சி, கழுத்திரு என்ற நகரத்தார் தாலியைப் பூட்டும் படத்தில் நின்றுவிட்டார். "தம்பி, கரண்ட் போன நேரத்தில் எடுத்ததா இது?" தங்கம் பித்தளையாக மங்கியிருந்தது. மாப்பிள்ளையின் முகம் அடுப்படியில் நின்றவர் முகம்போல் இருந்தது.

காரைக்குடிக்குத் திரும்பியதும் ஆல்பத்தை அச்சிட்ட லேபுக்குத் தொலைபேசியில் சண்டை பிடித்தேன். எதிர்முனையில் இருந்தவர் பொறுமையாக ஒன்றே ஒன்று கேட்டார்: "அண்ணே, உங்கள் மானிட்டரில் பிரைட்னஸ் எத்தனையில் வைத்திருக்கிறீர்கள்?" வாங்கிய நாளிலிருந்து நூறில்தான் இருந்தது. மறுபடி அச்சிட்ட செலவை நானே ஏற்றுக்கொண்டேன்.

கடையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகவே பெரும்பாலான மானிட்டர்கள் 250, 300 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) அளவில் நம் கைக்கு வருகின்றன. அச்சுக்குப் போகும் படங்களைத் திருத்த 80 முதல் 120 நிட் போதும். 300க்கும் 100க்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது). திரை அவ்வளவு வெளிச்சத்தைத் தானாகவே சேர்த்துக் காட்டுவதால், இருட்டான படமும் நமக்குச் சரியாகத் தோன்றுகிறது. போதாக்குறைக்கு இன்னும் கொஞ்சம் குறைத்து வேறு விடுகிறோம். காகிதத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. அங்கே குட்டு உடைந்துவிடும்.

அளக்கக் கருவி இல்லையே என்பவர்களுக்கு ஒரு வழி: கேமரா இருக்கிறதல்லவா? திரை முழுவதும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். ஐஎஸ்ஓ 100, எஃப் 4 வைத்து, லென்ஸை ஃபோகஸ் இல்லாமல் விட்டு, சட்டகம் முழுக்க வெள்ளை நிறையும்படி பாருங்கள். மீட்டர் நடுவில் நிற்கும்போது ஷட்டர் 1/50 என்றால் திரை ஏறத்தாழ 100 நிட்டில் இருக்கிறது. 1/160 என்றால் 300ஐத் தாண்டிவிட்டது. துல்லியமான கணக்கு இல்லைதான். ஆனாலும் என் போன்றவர்களைக் காப்பாற்றியிருக்கும்.

இரண்டாவது தவறு மானிட்டரில் இல்லை, அறையில் இருக்கிறது. நம் ஊரில் இதை யாரும் பேசிக் கேட்டதில்லை என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். என் எடிட்டிங் மேசை பழைய வீட்டின் வளவை, அதாவது உள்முற்றத்தை, ஒட்டிய அறையில் இருந்தது. தரையில் சிவப்பு ஆத்தங்குடிக் கல், கதவுக்கு மேலே பச்சையும் நீலமுமாக வண்ணக் கண்ணாடி. வீட்டுக்கு அழகு, படத்துக்கு வில்லங்கம். பதினொரு மணிக்கு வளவில் வெயில் இறங்கினால் அந்தச் சிவப்பு சுவரெல்லாம் ஏறும். கண் அதற்குச் சில நிமிடங்களில் பழகிவிடும். பழகிய கண்ணுக்குத் திரையில் உள்ள உண்மையான சாம்பல் நிறம் நீலம் பாய்ந்ததாகத் தெரியும். சரிசெய்கிறேன் என்று மஞ்சளையும் சிவப்பையும் ஏற்றுவோம். மாலையில் அதே படத்தைத் திறந்தால் மணப்பெண் மஞ்சள் காமாலை வந்தவர்போல் இருப்பார். காலையில் ஒரு நிறம், மாலையில் ஒரு நிறம் என்று நான் பல மாதம் மானிட்டரைச் சந்தேகித்தேன். மானிட்டர் பாவம்.

மேசையை இரண்டாங்கட்டில் வெளிச்சம் புகாத அறைக்கு மாற்றி, சாம்பல் நிறத் திரைச்சீலை போட்டு, திரைக்குப் பின்புறச் சுவரில் மட்டும் மங்கலாக ஒரு வெள்ளை விளக்கு வைத்தேன். நிறத்தைச் சரியாகக் காட்டும் திறனைக் குறிக்கும் சிஆர்ஐ என்ற எண் 90க்கு மேல் உள்ள விளக்காகப் பார்த்து வாங்குங்கள். அச்சான படத்தை ஒப்பிடுவதற்கும் 5000 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அலகு) அளவில் அதே தரத்தில் ஒரு விளக்கு வேண்டும். குண்டு பல்புக்குக் கீழே ஆல்பத்தைப் பிடித்துக்கொண்டு திரையைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு திரைக்கு முன் உட்காருவதும் தவறுதான். சிரிக்காதீர்கள், கறுப்புத் திரையில் உங்கள் சட்டையே தெரியும்.

இனி வாங்கும்போது செய்யும் தவறுகள். அங்குலத்தைப் பார்த்து மயங்குவது முதலாவது. 27 அங்குலத் திரையில் 1920 x 1080 பிக்சல் மட்டும் இருந்தால் அங்குலத்துக்கு 82 பிக்சல்தான் கிடைக்கும். படத்தின் கூர்மையைத் தீர்மானிக்க அது போதாது. அந்தத் தெளிவுத்திறனுக்கு 24 அங்குலம் போதும். 27 வேண்டுமென்றால் 2560 x 1440 உள்ளதை வாங்குங்கள். பேனல், அதாவது படம் காட்டும் தகடு, எந்தக் கோணத்தில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகையாக இருக்கட்டும். மலிவான டிஎன் பேனலில் தலையைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினாலே நிழல்பகுதியின் வெளிச்சம் மாறிவிடும்; எந்த நிறம் உண்மை என்று அதனிடம் கேட்கவே முடியாது. ஹெச்டிஆர் ஸ்டிக்கர், விளையாட்டுக்கான வேகம் ஆகியவற்றுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பெட்டியில் "45 சதவீதம் என்டிஎஸ்சி" என்றிருந்தால் தொடாதீர்கள். அந்தத் திரை, இணையத்திலும் கைபேசியிலும் பொதுவாகப் பயன்படும் எஸ்ஆர்ஜிபி நிறப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் காட்டும். கண்டாங்கிச் சேலையின் அரக்குச் சிவப்பும் கடுகு மஞ்சளும் அதில் சோர்ந்துபோகும். எஸ்ஆர்ஜிபி 99 அல்லது 100 சதவீதம் என்று எழுதியிருப்பதைத் தேடுங்கள்.

அதற்காக நேர் எதிர்ப்பக்கம் ஓடுவதும் தவறு. நண்பர் ஒருவர் எஸ்ஆர்ஜிபியைவிட அகன்ற அடோபி ஆர்ஜிபி நிறப்பரப்பு முழுவதையும் காட்டும் விலை உயர்ந்த மானிட்டரை வாங்கினார். ஜவுளிக்கடைக்காகச் சேலைகளைப் படம் எடுத்துக் கொடுப்பவர். நிற மேலாண்மை தெரியாத, அதாவது படத்தின் நிறங்களைத் திரைக்கேற்ப மாற்றிக் காட்டத் தெரியாத, ஒரு மென்பொருளில் படங்களைத் திறந்து பார்த்தார். எஸ்ஆர்ஜிபி படங்களை அப்படிப்பட்ட மென்பொருள் அகன்ற நிறப்பரப்பில் அப்படியே விரித்துவிடும். எல்லாம் தகதகவென்று தெரிந்ததால் நிறத்தைக் குறைத்து அனுப்பினார். கடைக்காரரின் கைபேசியில் சேலைகள் பத்துத் தடவை துவைத்தவை போலத் தெரிந்தன. உங்கள் லேப் எஸ்ஆர்ஜிபி ஜேபெக் மட்டும் கேட்கிறது, வாடிக்கையாளர் கைபேசியில் பார்க்கிறார் என்றால், நல்ல எஸ்ஆர்ஜிபி மானிட்டரே போதும். மிச்சப் பணத்தில், திரையை அளந்து சரிசெய்யும் கேலிப்ரேஷன் கருவி வாங்குங்கள்.

கருவி இல்லாமல் கண்ணால் நிறத்தைச் சரிசெய்வது வீண்வேலை. வெளிச்சத்தைக் கேமராவால் ஓரளவு பிடித்துவிடலாம். நிறத்தில் கண் பழகிப் பழகியே நம்மை ஏமாற்றும். ஸ்பைடர், கேலிப்ரைட் போன்ற கருவிகள் திரைமேல் தொங்கி அளந்து, திருத்தக் கோப்பு ஒன்றைத் தருகின்றன. கருவி வாங்கியவர்களும் சறுக்கும் இடங்கள் உண்டு. திரையைப் போட்ட மறுநிமிடமே அளக்காதீர்கள். அரை மணி நேரம் ஓடட்டும். அதற்கு முன்பே நைட் லைட், தானியங்கி வெளிச்சம், டைனமிக் கான்ட்ராஸ்ட், "விவிட்" போன்ற எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். இலக்கு 6500 கெல்வின், காமா (இடைப்பட்ட வெளிச்சங்கள் எவ்வளவு பிரகாசமாகத் தெரியும் என்பதன் அளவு) 2.2, வெளிச்சம் 100 நிட். அளந்த பிறகு மானிட்டர் பொத்தான்களைத் தொட்டால் அளந்ததெல்லாம் பாழ். பேரப்பிள்ளைகள் வரும் வீடுகளில் இது கவலைக்குரிய விஷயம்.

"உங்களிடமும் அதே மாடல்தானே, அந்தக் கோப்பை எனக்கு அனுப்புங்கள்" என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். அது அடுத்தவரின் மூக்குக்கண்ணாடி. ஒரே மாடலில் இரண்டு திரைகள்கூட ஒரே நிறம் காட்டுவதில்லை. கருவியை வேண்டுமானால் நான்கு ஸ்டூடியோக்கள் சேர்ந்து வாங்கிச் சுற்றில் விடலாம். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். மாதம் ஒரு முறை அளந்தால் போதும். எச்டிஎம்ஐ கம்பியில் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால், அளப்பதற்கு முன் கிராஃபிக்ஸ் அமைப்பில் "லிமிடெட்" என்றிருப்பதை "ஃபுல்" ஆக்குங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் கண்டாங்கி என்னைச் சோதித்தது. முழுப் படத்தையும் சிறிதாக்கிப் பார்த்தால் கட்டங்கள்மேல் அலை அலையாக வண்ணக் கோடுகள். 100 சதவீதத்தில் திறந்தால் அவை இல்லை; திரையில் சுருக்கியதால் வந்தவை. அவற்றை நீக்குகிறேன் என்று ஒரு இரவு முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். அரக்கு மட்டும் இன்னும் சில சேலைகளில் கேமராவில் சரியாக விழுவதில்லை. கண் பார்ப்பதும் கேமரா பார்ப்பதும் அந்தச் சாயத்தில் ஒத்துப்போகாது. எந்த மானிட்டரும் அதைத் தீர்க்காது. அப்போது ஜவுளிக்கடையிலிருந்து அந்தச் சேலையையே வாங்கிவந்து, 5000 கெல்வின் விளக்கின்கீழ் மேசையில் விரித்து, திரையையும் துணியையும் மாறி மாறிப் பார்த்துத் திருத்துகிறேன். காப்பித் தம்ளர் மட்டும் பக்கத்தில் இருக்கக் கூடாது.