குதிரைக்கு ஆடும் மாடும் துணையாகும்போது

குதிரை கூட்டமாக வாழும் பிராணி. ஒற்றையாகக் கட்டிப்போட்ட குதிரை நின்ற இடத்திலேயே இடமும் வலமுமாக ஆடுவதும், தொட்டியின் விளிம்பைப் பல்லால் கவ்விக் காற்றை விழுங்குவதும் பெரும்பாலும் தனிமையிலும் அடைப்பிலும் பிறக்கும் பழக்கங்கள். இன்னொரு குதிரையே சிறந்த துணை. அதற்கு வழியில்லாதவர்கள், நெல்லை மாவட்டத்தின் நாங்குநேரி, மானூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் ஏற்கெனவே நிற்கும் ஆட்டையோ மாட்டையோ துணையாக்கலாம்.

என் தேர்வு வெள்ளாடு. நம் சீமைக்கே உரிய கன்னி ஆட்டில் கொம்பில்லாத, சாதுவான பெட்டைகள் இரண்டை வாங்குங்கள். கிடாய் வேண்டாம், அது முட்டும் என்பது ஒரு காரணம், கோயில் கொடை விழா வரும்போது அதன்மேல்தான் வீட்டாரின் கண் விழும் என்பது மற்றொன்று. பழகிய துணை ஒரே நாளில் மறைந்தால் குதிரை கனைத்துக்கொண்டே வேலியோரம் நடக்கும், தீனியையும் வெறுக்கும். மாடானால் கொம்பு கூரில்லாததாக இருக்கட்டும். இளங்கன்றைக் குதிரையோடு விடக் கூடாது. கழுதையும் நல்ல துணைதான், ஆனால் நோய்க்குறி காட்டாமலே நுரையீரல் புழுவைச் சுமக்கக்கூடியது என்பதால் மருத்துவரிடம் காட்டிய பிறகே சேர்க்க வேண்டும்.

மேலப்பாளையம் சந்தையில் வாங்கி வந்த ஆட்டை அன்றைக்கே லாயத்தில் விடாமல், இரண்டு மூன்று வாரம் தனியே வைத்துக் கவனியுங்கள். பிறகு மரச்சட்ட வேலிக்கு இருபுறமும் சில நாள் நிறுத்தி, ஒன்றையொன்று முகர்ந்து பழகிய பின், ஆடு ஓடி ஒதுங்க இடமுள்ள திறந்த வெளியில் பகலில் சேர்த்துவிடலாம். குதிரை காதுகளைப் பிடரியோடு படிய வைத்துப் பின்புறத்தைத் திருப்பினால் உடனே பிரித்துவிட வேண்டும். முட்கம்பி வேலியும் நீளக் கயிற்றில் கட்டிய ஆடும் குதிரையின் காலுக்கு ஆபத்து.

எல்லாவற்றையும்விட முக்கியம் தீனி. சேர்ந்து மேயலாம், சேர்ந்து தீவனம் தின்னவே கூடாது. சில கோழித் தீவனங்களிலும் மாட்டுத் தீவனங்களிலும் சேர்க்கப்படும் மோனென்சின் என்ற மருந்து, அந்தப் பிராணிகளுக்கு ஏற்ற அளவிலேயே குதிரையின் இதயத் தசையைச் சிதைத்துக் கொன்றுவிடும். அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. ஆகவே அந்த மூட்டைகளைக் குதிரை எட்டாத அறையில் பூட்டி வையுங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தவறித் தின்றுவிட்டால், குறி தெரியட்டும் என்று காத்திராமல் மருத்துவரை அழைக்க வேண்டும். குதிரையின் கொள்ளையும் தானியத்தையும் ஆடு அளவு மீறித் தின்றால் வயிறு உப்பிச் சாகும். லாயத்தின் ஒரு மூலையில், ஆடு குனிந்து நுழையவும் குதிரையின் நெஞ்சு தடுபடவும் குறுக்குச் சட்டம் ஒன்று அடித்துவிட்டால் ஆட்டுத்தீனி பத்திரமாக இருக்கும். குதிரை தின்று முடிக்கும்வரை ஆட்டையும் அதற்குள்ளேயே அடைத்து வைக்கலாம். செம்மறிக்குத் தாமிரம் எளிதில் நஞ்சாகும் என்பதால் குதிரைக்கான தாது உப்பு அதன் வாய்க்கு எட்டக் கூடாது.

மேய்ச்சலிலும் ஒரு நுட்பம் உண்டு. நம் கரிசலிலும் செம்மண்ணிலும் வளரும் கொழுக்கட்டைப் புல்லிலும், பால்மாட்டுக்குப் போடும் கம்பு நேப்பியரிலும் ஆக்சலேட் உண்டு. மாட்டின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். குதிரைக்கோ அது சுண்ணாம்புச் சத்தைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் இதையே தின்ற குதிரை நொண்டும், முகத்து எலும்பு வீங்கும். தவிட்டை அதிகம் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். மாட்டுக்கு அறுத்த புல்லையே குதிரைக்கும் போடாமல், குதிரைமசால், வேலிமசால் போன்றவற்றையும் கலந்து கொடுங்கள்.

குடற்புழுக்களில் பெரும்பாலானவை குதிரைக்கும் ஆடுமாடுகளுக்கும் வேறு வேறு என்பதால், கலந்து மேய்வதில் நன்மையே உண்டு. இரத்தத்தில் வாழும் ஒட்டுண்ணியால் வரும் சர்ரா நோய் அப்படியல்ல. கடிக்கும் ஈக்கள், குறி காட்டாத மாட்டின் இரத்தத்திலிருந்தும் அதைக் குதிரைக்குக் கடத்தும். விட்டுவிட்டுக் காய்ச்சல், மெலிவு, கால்களிலும் அடிவயிற்றிலும் வீக்கம் கண்டால், இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அருகிலுள்ள மருத்துவரிடமோ தாமதமின்றிக் கொண்டு செல்லுங்கள். சாணமும் மண்ணும் கலந்த தொழுவத்தில் சிறு ஆணி குத்தினாலும் குதிரைக்கு ரணஜன்னி (டெட்டனஸ்) வரலாம். ஆகவே அதற்கான தடுப்பூசியைத் துணை சேர்க்கும் முன்பே போட்டுவிட வேண்டும்.