குழந்தைகளோடு ரோம்: முதல் முறை செல்லும் குடும்பத்துக்கு ஐந்து நாள் பயணத் திட்டம்

ரோமுக்குக் குடும்பமாகச் சென்று வருபவர்களில் பலர் களைத்துப்போய்த் திரும்புகிறார்கள். அதற்குக் காரணம் ஊர் அல்ல. காலையில் கொலோசியம், மதியம் வத்திக்கான், மாலையில் ட்ரெவி நீரூற்று என்று ஒரே நாளுக்குள் எல்லாவற்றையும் அடைத்துப் போடும் அட்டவணைதான். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு பழைய கட்டடங்கள் நடக்கும் தூரத்தில் நிறைந்திருக்கும் ஊரில் குழந்தைகளுக்கு அலுப்புத் தட்டாமல் இருக்க வேண்டுமானால், முன்பதிவு தேவைப்படும் பெரிய இடம் நாளொன்றுக்கு ஒன்று மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் காலையிலேயே பார்த்து முடித்துவிட்டு, மிச்ச நேரத்தை அதே சுற்றுப்புறத்தில் அவசரமில்லாமல் நடந்து கழியுங்கள். கீழே உள்ள திட்டம் முழுவதும் இந்த ஒரு விதியின்மேல்தான் நிற்கிறது.

1. மாதமும் விசாவும்

ஏப்ரல், மே, அக்டோபர் ஆகிய மாதங்கள் நடப்பதற்கு ஏற்றவை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெயில் 30 டிகிரியைத் தாண்டிவிடும். நிழலே இல்லாத இடிபாடுகளுக்கு நடுவே சிறுவர்களை அழைத்துச் செல்வதற்கு அது உகந்த காலம் அல்ல. பள்ளி விடுமுறையால் கோடையை விட்டால் வேறு வழியில்லை என்றால், எல்லா முன்பதிவுகளையும் காலையின் முதல் நுழைவு நேரத்துக்கே செய்துகொள்ளுங்கள்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தேவை. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது பதினைந்து நாளுக்கு முன்பாவது விண்ணப்பித்தாக வேண்டும். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு 45 யூரோ. அதற்கும் சிறியவர்களுக்குக் கட்டணம் இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். வேறு நாடுகளையும் சேர்த்துச் சுற்றுவதாக இருந்தால், எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டின் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும்.

2. தங்குமிடம்

டெர்மினி ரயில் நிலையத்துக்குத் தெற்கே உள்ள மோந்தி பகுதி குடும்பங்களுக்கு வசதியானது. அங்கிருந்து கொலோசியத்துக்கு நடந்தே போய்விடலாம். சமையலறை உள்ள அடுக்குமாடி வீடு கிடைத்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் ரோமில் உணவகங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு ஏழரை மணியளவில்தான் திறக்கின்றன. அதுவரை சின்னக் குழந்தையால் பசி தாங்க முடியாது. பதிவு செய்யும் முன் லிஃப்ட் உண்டா என்று கேட்டுவிடுங்கள். நகர வரி தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தங்குமிடத்திலேயே வசூலிக்கப்படும்; பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அது கிடையாது.

3. முன்பதிவு

முதலில் கொலோசியம். அதிகாரப்பூர்வ இணையதளத்தில் பயண நாளுக்கு 30 நாள் முன்பு டிக்கெட் விற்பனை தொடங்கும். பெரியவர்களுக்கான 18 யூரோ டிக்கெட்டிலேயே, பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ரோமன் ஃபோரமும் பாலட்டைன் குன்றும் அடங்கும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம் என்றாலும், அவர்களுக்கும் இலவச டிக்கெட் ஒன்றைப் பதிவு செய்தே ஆக வேண்டும். டிக்கெட்டில் உள்ள பெயர் கடவுச்சீட்டில் உள்ள பெயரோடு ஒத்திருக்க வேண்டும் என்பதால் எழுத்துக்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அடுத்ததாக வத்திக்கான் அருங்காட்சியகமும் போர்கேசே கலைக்கூடமும். மாதத்தின் முதல் ஞாயிறன்று அரசு அருங்காட்சியகங்கள் இலவசம் என்று கேள்விப்பட்டு ஆசைப்பட வேண்டாம். குழந்தைகளோடு அந்தக் கூட்டத்தில் நிற்பது பெரும் பாடு.

4. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்

பியூமிச்சினோ விமான நிலையத்திலிருந்து லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயில் 32 நிமிடத்தில், நடுவே எங்கும் நிற்காமல், டெர்மினி வந்து சேரும். கட்டணம் 14 யூரோ. நான்கு பேரும் பெட்டிகளுமாக இறங்கினால், பழைய மதிற்சுவருக்கு உட்பட்ட பகுதிக்கு நகராட்சி நிர்ணயித்திருக்கும் ஒரே கட்டணத்தில் டாக்ஸி எடுப்பதே மேல். ஏறும் முன் அந்தத் தொகையை ஓட்டுநரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஊருக்குள் மெட்ரோ, பேருந்து இரண்டுக்கும் 1.50 யூரோ டிக்கெட் 100 நிமிடம் செல்லும். அதற்குள் மெட்ரோவில் ஒரு முறைதான் நுழைய முடியும். பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் பெரியவரோடு இலவசமாகப் பயணம் செய்யலாம். வாடகைக் கார் வேண்டவே வேண்டாம். நகர மையத்தில் அனுமதி பெற்ற வண்டிகளுக்கு மட்டுமான பகுதிகளைக் கேமரா கண்காணிக்கிறது; தெரியாமல் நுழைந்தாலும் அபராதம் பின்னாலேயே வரும்.

5. முதல் நாள்: கொலோசியமும் ஃபோரமும்

பேரரசர் வெஸ்பாசியன் கட்டத் தொடங்கி, அவர் மகன் டைட்டஸ் கி.பி. 80இல் திறந்துவைத்த அரங்கம் இது. உள்ளே நுழைந்ததும் குழந்தைகளை மேல் தளத்திலிருந்து நடுக்களத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பகுதியில் தரைப் பலகை இல்லாததால் கீழே இருக்கும் சந்துகளும் அறைகளும் அப்படியே தெரியும். விலங்குகளும் வீரர்களும் அங்கேதான் காத்திருந்தார்கள்; கையால் சுழற்றும் பொறிகளைக் கொண்டு கூண்டுகளை மேலே ஏற்றினார்கள். வெளியே வரும்போது வாசல் வளைவுகளுக்கு மேலே செதுக்கியிருக்கும் ரோமானிய எண்களைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இன்றைய விளையாட்டரங்கில் இருப்பதுபோல அவை நுழைவாயில் எண்கள். எண்ணைப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்தக் கல் உடனே பேசத் தொடங்கிவிடும்.

ஃபோரத்தில் எல்லாத் தூணையும் விளக்க முயன்றால் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் சோர்ந்துவிடுவார்கள். ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். தமிழ்க் குடும்பத்துக்கு அது மாக்சென்டியஸ் பசிலிக்கா என்னும் பழைய பொது மண்டபமாக இருக்கட்டும். மூன்று பிரம்மாண்டமான வளைவுகள் மட்டும் எஞ்சி நிற்கும் அந்தக் கட்டடம் எழுவதற்கு முன்பு அங்கே பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்குகள் இருந்தன. சேர நாட்டு முசிறித் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய மிளகு செங்கடல் வழியாகவும் எகிப்து வழியாகவும் வந்து சேர்ந்த தலைநகரம் இதுதான். யவனர்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பினார்கள் என்று சங்கப் பாடல் சொல்வதன் மறுமுனையில் நிற்கிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அன்று இரவு, உருக்கிய செம்மறிப் பாலாடைக்கட்டியும் அப்போதே இடித்த மிளகும் சேர்த்துப் பிரட்டிய காச்சோ ஏ பெப்பே பாஸ்தாவை வாங்கிக் கொடுத்தால் பாடம் நாக்கிலும் நிற்கும்.

6. இரண்டாம் நாள்: பாந்தியனும் நவோனா சதுக்கமும்

பேரரசர் ஹாட்ரியன் காலத்தில், கி.பி. 126 வாக்கில் முடிந்த பாந்தியன் என்னும் பழங்காலக் கோயிலின் குவிமாடம், இரும்புக் கம்பி சேர்க்காத கான்கிரீட்டில் கட்டப்பட்டவற்றுள் இன்றும் உலகிலேயே பெரியது. அதன் குறுக்களவும் தரையிலிருந்து உச்சி வரையிலான உயரமும் ஒன்றே, ஏறத்தாழ 43.3 மீட்டர். எடை குறைய வேண்டும் என்பதற்காக, மேலே போகப்போகக் கான்கிரீட்டில் லேசான எரிமலைக் கற்களைக் கலந்திருக்கிறார்கள். உச்சியில் ஏறத்தாழ 9 மீட்டர் அகலத்துக்குத் திறந்த வட்டம் உண்டு. அதன் வழியாக வெயிலும் இறங்கும், மழையும் இறங்கும். தரையில் நீர் வடிவதற்கென்று போட்ட சிறு துளைகளைத் தேடச் சொன்னால் குழந்தைகள் குனிந்து தேடத் தொடங்கிவிடுவார்கள். தேடும்போதே தரை நடுவில் லேசாக மேடிட்டிருப்பதும் புரிந்துவிடும். பெரியவர்களுக்கு 5 யூரோ, 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம்.

அங்கிருந்து சில நிமிட நடையில் நவோனா சதுக்கம். டொமிஷியன் கட்டிய ஓட்டப்பந்தய அரங்கத்தின் நீள்வடிவம் அப்படியே சதுக்கமாக மாறியிருக்கிறது. 1651இல் சிற்பி பெர்னினி முடித்த நீரூற்றில் நான்கு கண்டங்களின் ஆறுகள் மனித வடிவில் அமர்ந்திருக்கின்றன. துடுப்பைப் பிடித்திருப்பது கங்கை. தலையை மூடிக்கொண்டிருப்பது நைல், அதன் ஊற்று எங்கே என்று அன்று யாருக்கும் தெரியாததால்.

தெருவோரம் நிற்கும் வார்ப்பிரும்புக் குழாய்களை ரோமில் நாசோனே என்பார்கள். 1870களிலிருந்து நகராட்சி வைத்துவரும் இவற்றில் குடிநீர் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். வளைந்த மூக்கின் நுனியை விரலால் அடைத்தால் மேல்பக்கத்துச் சிறு துளை வழியாகத் தண்ணீர் வளைந்து பீறிடும், குனியாமலே குடிக்கலாம். ஆளுக்கு ஒரு காலிப் பாட்டில் கொண்டுபோனால் தண்ணீர்ச் செலவே இல்லை.

7. மூன்றாம் நாள்: வத்திக்கான்

ஆண், பெண் இருபாலரும் தோளும் முழங்காலும் மறைய உடுத்த வேண்டும். அருங்காட்சியகம் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். புதன்கிழமை காலைகளில் திருத்தந்தையின் பொதுச் சந்திப்பால் சதுக்கம் நிறைந்துவிடும் என்பதால் வேறு நாளைத் தேர்ந்தெடுங்கள். சிஸ்டைன் சிற்றாலயத்தில் புகைப்படம் எடுக்கவும் உரக்கப் பேசவும் கூடாது. எனவே மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை தீட்டிய அந்தக் கூரையின் படத்தை முந்தைய இரவே பிள்ளைகளுக்குக் காட்டிக் கதையைச் சொல்லிவிடுங்கள். உள்ளே சுவரோர இருக்கை காலியானதும் உட்கார்ந்துகொண்டு அண்ணாந்து பார்ப்பதே சரி.

புனித பேதுரு பேராலயத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. குவிமாட உச்சிக்கு 551 படிகள்; லிஃப்டில் பாதி வழி போனாலும் 320 படிகள் ஏற வேண்டும். கடைசிப் பகுதி ஒடுங்கிச் சாய்ந்து செல்வதால், இடுப்பில் தூக்கிச் செல்ல வேண்டிய குழந்தை இருந்தால் தவிர்த்துவிடுங்கள்.

8. நான்காம் நாள்: ஓஸ்தியா ஆன்டிகா

எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெய் நகருக்குப் போய்வரும் நீண்ட பயணத்துக்குப் பதிலாக, சிறுவர்களோடு செல்பவர்களுக்கு நான் இந்தப் பழைய துறைமுக நகரத்தையே சொல்வேன். பிராமிடே மெட்ரோ நிலையத்தை ஒட்டிய போர்த்தா சான் பாவ்லோவிலிருந்து ரயிலில் அரை மணி நேரம், சாதாரண 1.50 யூரோ டிக்கெட்டே போதும். திங்கட்கிழமை விடுமுறை. கப்பல் முகவர்களின் அலுவலகங்கள் வரிசையாக இருந்த சதுக்கத்தில் கப்பல்களும் யானையும் தரையில் கறுப்பு வெள்ளைக் கற்களால் பதிக்கப்பட்டிருக்கின்றன. கல் மேடையோடு அப்படியே நிற்கும் சாப்பாட்டுக் கடையின் சுவரில், விற்ற உணவின் ஓவியத்தைப் பார்க்கலாம். சுவரையொட்டி வரிசையாகத் துளையிட்ட பொதுக் கழிப்பறையைத்தான் பிள்ளைகள் ஊர் திரும்பிய பிறகும் எல்லோரிடமும் சொல்வார்கள்.

9. ஐந்தாம் நாள்: போர்கேசே

கலைக்கூடத்தில் இரண்டு மணி நேரம்தான் அனுமதி. குழந்தைகளுக்கு அதுவே பொருத்தமான அளவு. பெர்னினியின் அப்பல்லோ-டாஃப்னே சிலையைச் சுற்றி வந்து பாருங்கள்: ஓடும் பெண்ணின் விரல் நுனிகள் இலைகளாகவும் கால் விரல்கள் வேராகவும் மாறும் அந்தக் கணத்தைப் பளிங்கில் பிடித்திருக்கிறார். பிறகு பூங்காவின் ஏரியில் துடுப்புப் படகு எடுக்கலாம்.

10. சாப்பாடும் எச்சரிக்கையும்

எடைக்கு வெட்டித் தரும் பீட்சா கடைகள் மதியச் சாப்பாட்டுக்கு எளிது. விரலால் அளவு காட்டினால் போதும். சைவம் உண்பவர்கள் சுப்ளி என்னும் பொரித்த சோற்று உருண்டையை வாங்கும் முன் கேளுங்கள், வழக்கமாக அதில் இறைச்சிக் குழம்பு கலந்திருக்கும். மேசைக்கு வரும் ரொட்டிக்கென்று ஒரு சிறு தொகை பில்லில் சேரலாம். அது ஏமாற்று அல்ல.

ஸ்பானியப் படிக்கட்டில் உட்காருவதற்கு 2019 முதல் தடை உள்ளது, அபராதமும் உண்டு. டெர்மினியிலும் நெரிசலான பேருந்துகளிலும் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். கையில் கயிறு கட்டவோ பூ கொடுக்கவோ வருபவர்களிடம் நிற்காமல் நடங்கள். தெருக்களில் பதித்திருக்கும் கருங்கற்களில் சிறு சக்கரத் தள்ளுவண்டி சிக்கிக்கொண்டே இருக்கும். கைக்குழந்தை இருந்தால் முதுகில் சுமக்கும் பையோ பெரிய சக்கர வண்டியோ கொண்டுபோங்கள். கடவுச்சீட்டின் நகலை ஒவ்வொரு பெரியவரும் தனித்தனியாக வைத்திருங்கள். தங்குமிடத்தின் முகவரியையும் உங்கள் கைபேசி எண்ணையும் எழுதிய சீட்டை, ஒவ்வொரு குழந்தையின் சட்டைப் பையிலும் தினமும் காலையில் கிளம்பும் முன் வைத்துவிடுங்கள்.