மலை மேல் கார் இழுக்கவில்லையா? பாகத்தை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

மேட்டில் வண்டி திணறினால் ஏர் ஃபில்டர், பிளக், இன்ஜெக்டர் என்று வரிசையாகச் சந்தேகம் வரும். பெரும்பாலும் காற்று மெலிந்ததுதான் காரணம். டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் பாகம்) இல்லாத இன்ஜின், ஏறும் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் சக்தியை இழக்கும். உங்கள் வண்டி அதற்கு மேலும் இழக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஓபிடி ஸ்கேனரை (வண்டியின் கணினியில் உள்ள அளவுகளைப் படித்துக் காட்டும் கருவி) செருகி, லைவ் டேட்டாவில் மேப் சென்சாரின் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) அளவைத் திறங்கள். புளூடூத் அடாப்டரைவிட வயரோடு வரும் சின்ன ஸ்கேனரே என் கட்சி. பாதியில் இணைப்பு அறுந்து உயிரை வாங்காது.

அடுத்த படியில்தான் பலர் சறுக்குகிறார்கள். இக்னிஷன் ஆனில் இருக்க வேண்டும், இன்ஜின் ஓடக் கூடாது. பெட்ரோல் இன்ஜின் ஐடிலில் ஓடும்போது த்ராட்டில் (காற்று போகும் வழியைத் திறந்து மூடும் வால்வு) மூடியிருப்பதால் உள்ளே வெற்றிடம். திரையில் 30, 40 கிலோபாஸ்கல் என்று காட்டும். அதைப் பார்த்துவிட்டு நல்ல சென்சாரைக் கழற்றி எறிகிறார்கள்! இன்ஜினை அணைத்தபின் எண் ஏறி நிற்கும்வரை பொறுங்கள். அப்போது தெரிவதுதான் வெளிக்காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் சுமார் 101, 2,500 மீட்டரில் 75. 101-க்கு 75 என்றால் சக்தியும் சுமார் முக்கால் பங்கு. குளிர்ந்த காற்று கொஞ்சம் அடர்த்தியானது என்பதால் நிஜத்தில் சக்தி இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே கிடைக்கும். எண் உயரத்தோடு ஒத்துப்போகிறது, ஆனால் வண்டி பாதிதான் இழுக்கிறது என்றால், அப்புறம் ஃபில்டர் பக்கம் போகலாம்.

சரி, என்ன பெட்ரோல்? உயரத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவதால் நாக்கிங்கும் (பெட்ரோல் நேரம் தவறித் தானாக எரிந்து இன்ஜின் தட்டுவது) குறையும். அமெரிக்காவின் ராக்கி மலைப் பகுதியில் 85 ஆக்டேன் (பெட்ரோல் நாக்கிங்கை எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் எண்) விற்பது கார்புரேட்டர் காலத்து வழக்கம். இன்றைய இன்ஜினுக்குக் கையேட்டில் சொன்ன ஆக்டேனே போடுங்கள். குறைந்ததை நிரப்பிக்கொண்டு கீழே இறங்கினால் நாக்கிங் திரும்ப வரும். விலை கூடிய பிரீமியம் போட்டால் இழந்த சக்தி திரும்புமா? திரும்பாது, குறைந்தது காற்றுதானே. இன்னொன்று, அமெரிக்க பங்க்கில் எழுதியிருக்கும் 87 பல நாடுகளின் 91-க்குச் சமம்; அளக்கும் முறை வேறு.

டீசல்காரர்கள் குளிர்ப் பிரதேசத்துக்குப் போனபின் அங்கேயே நிரப்புவது நல்லது. கீழே நிரப்பிய டீசலில் கடுங்குளிரில் மெழுகு கட்டி ஃபில்டரை அடைக்கும்.

பின்சேர்க்கை: பட்டன் ஸ்டார்ட் வண்டியில் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். பெரும்பாலான வண்டிகளில் பிரேக்கையோ கிளட்சையோ மிதிக்காமல் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் இக்னிஷன் மட்டும் வரும். டர்போ வண்டி என்றால், டர்போ இழப்பைப் பெருமளவு ஈடுகட்டிவிடும். குறைந்த ஆர்பிஎம்மில்தான் சோம்பல் தெரியும், ஒரு கியர் இறக்கிக்கொள்ளுங்கள். டர்போ வண்டிக்கு ஆக்டேனை மட்டும் குறைக்காதீர்கள், சிலிண்டரின் அழுத்தம் கீழே இருந்த அளவுக்குக் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும்.