48 ஃப்ரேம் படத்துக்கு டிக்கெட் எடுக்கும் முன்: கண்ணால் சோதித்துப் பார்க்கும் வழி

2012 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் திரையரங்கு உரிமையாளர்களின் மாநாடான சினிமாகான் நடந்தபோது, ‘தி ஹாபிட்’ முதல் பாகத்திலிருந்து பத்து நிமிடக் காட்சிகள் நொடிக்கு 48 ஃப்ரேமில் (ஃப்ரேம் என்பது ஒரு தனிப் படம்; வழக்கமான சினிமா நொடிக்கு 24) திரையிடப்பட்டன. கிராஃபிக்ஸ் வேலை முடியவில்லை, கலர் கிரேடிங்கும் (நிறச் சீரமைப்பு) ஆகவில்லை. பார்த்தவர்களில் பலர் ‘டிவி சீரியல் மாதிரி இருக்கிறது’ என்ற பொருளில் எழுதினார்கள். கண் பழகப் பத்து நிமிடம் போதாது என்றார் இயக்குநர் பீட்டர் ஜாக்சன். படம் வந்தது டிசம்பரில். இடையில் எட்டு மாதம் ரசிகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து மோதினார்கள். அவர்களில் பெரும்பாலானோர் ஒரு நொடி 48 ஃப்ரேம்கூடப் பார்த்ததில்லை.

2022-ல் ‘அவதார்: தி வே ஆஃப் வாட்டர்’ வந்தபோதும் இதே பேச்சு எழுந்தது. அடுத்த பெரிய ஃபேன்டசி படத்துக்கும் எழும். அதற்குள் உங்கள் கண்ணுக்கு எது ஒத்துவரும் என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

முதலில் கொஞ்சம் கணக்கு. இது புரிந்தால் பாதிச் சண்டை தானாகவே தீர்ந்துவிடும். 24 ஃப்ரேமில், வழக்கமான 180 டிகிரி ஷட்டரில் (360 என்றால் ஃப்ரேமின் முழு நேரமும் ஒளி வாங்கும், 180 என்றால் பாதி நேரம்), ஒவ்வொரு ஃப்ரேமும் 1/48 நொடி ஒளி வாங்கும். ஹாபிட் 48 ஃப்ரேமில் 270 டிகிரி ஷட்டரோடு எடுக்கப்பட்டது. அதாவது 1/64 நொடி. 2,048 பிக்சல் அகலத் திரையை ஒரு ஆள் இரண்டு நொடியில் கடக்கிறான் என்று வையுங்கள். 24-ல் அவன் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் சுமார் 43 பிக்சல் தாவுகிறான். அதில் 21 பிக்சல் மங்கலாகப் பதியும், மீதி 21-22 பிக்சல் வெறும் இடைவெளி. 48-ல் தாவல் 21, மங்கல் 16, இடைவெளி ஐந்துதான். சினிமாவில் நாம் ‘துடிப்பு’ என்று உணர்வது இந்த இடைவெளியைத்தான். அது சுருங்கும்போது அசைவு வழவழப்பாகிறது. அந்த வழவழப்பு நமக்கு ஏற்கெனவே பழக்கமான இடம் தொலைக்காட்சி. நம் ஊர் சீரியல்கள் நொடிக்கு 50 ஃபீல்டு (அரைப்படம்) வீடியோவாக வந்துதான் பழக்கம். ‘சீரியல் மாதிரி’ என்ற புகார் அங்கிருந்து வருகிறது. கண் பொய் சொல்லவில்லை, பழைய பழக்கத்தைச் சொல்கிறது.

ஏன் 180 விட்டு 270? 24 ஃப்ரேம் பதிப்பும் வேண்டும் என்பதால்தான். 48-ல் ஒன்றுவிட்டு ஒன்றை எடுத்துவிட்டால், எஞ்சுவது 1/64 நொடி ஒளி வாங்கிய 24 ஃப்ரேம், அதாவது 135 டிகிரி ஷட்டர். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூர்மை, ஆனால் பார்க்க முடிகிற அளவு. 48-லேயே 180 வைத்திருந்தால் 24 பதிப்பு 90 டிகிரி ஆகிவிடும், போர்க்காட்சியில் வருகிற வெட்டுவெட்டான அசைவு படம் முழுக்க வந்துவிடும். ஆக, ‘24-ல் பார்த்தேன், ஏதோ சரியில்லை’ என்பவர் சொல்வதிலும் ஒரு சின்ன உண்மை இருக்கிறது.

இனி சோதனை. இணையத்தில் கிடைக்கும் ‘48 ஃப்ரேம் டிரெய்லர்’ எதையும் நம்ப வேண்டாம். பெரும்பாலும் அவை 24 ஃப்ரேம் டிரெய்லரில் மென்பொருள் இடைப்படங்களைச் செருகிச் செய்தவை. உண்மையான 48 கிடைத்தாலும் 60 ஹெர்ட்ஸ் திரையில் (நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிப்பது) ஓட்டினால் ஒவ்வொரு நாலு ஃப்ரேமிலும் ஒன்று இருமுறை காட்டப்படும், அசைவு திக்கித் திக்கிப் போகும். தப்பு 48 மேல் விழும், காரணம் மானிட்டர். அதனால் 60-ஐயும் அதன் பாதியான 30-ஐயும் ஒப்பிடுவதே நல்லது. இரண்டும் 60 ஹெர்ட்ஸில் சீராக ஓடும், இரட்டிப்பாவதன் உணர்வும் அதேதான்.

ஃபோன் கேமராவின் புரோ மோடில் (அமைப்புகளைக் கையால் வைக்கும் முறை) 60 ஃப்ரேம், ஷட்டர் 1/80 என்று பூட்டுங்கள். 60-க்கு அதுதான் 270 டிகிரி. மாலை நாலரை, ஐந்து மணி வெளிச்சத்தில் எடுங்கள். உச்சி வெயிலில் 1/80 வைத்தால் எல்லாம் வெளுத்துப் போகும், ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் தேவைப்படும். வீட்டுக்குள் ட்யூப்லைட்டில் எடுக்கவே வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், 1/80 அதோடு ஒத்துப்போகாமல் திரையில் பட்டைபட்டையாக ஒளி நெளியும். ட்ரைபாட் இல்லையென்றால் சுவரில் சாய்த்து வையுங்கள். கை நடுக்கம் எல்லாவற்றையும் கெடுக்கும்.

நாலு ஷாட், ஒவ்வொன்றும் பத்து நொடி. ஒருவர் பக்கவாட்டில் வேகமாக நடப்பது. கம்பி வேலிமேல் கேமரா மெதுவாக நகர்வது: ஒரு கம்பி திரையைக் கடக்க ஏழு நொடி எடுத்துக்கொள்ளட்டும். அதே நகர்வு மூன்று நொடியில். கடைசியாக, அசையாத முகம், கண் மட்டும் சிமிட்டுகிறது. இந்தக் கடைசியை விட்டுவிடாதீர்கள். முகத்தில் வித்தியாசம் தெரிகிறதா என்பதுதான் உண்மையில் எல்லோரும் சண்டை போடும் இடம்.

ஃபோன் வீடியோ பெரும்பாலும் ஃப்ரேம் வேகம் ஏறி இறங்கும்படிதான் பதிவாகும். நேரே எடிட்டிங்கில் போட்டால் சில ஃப்ரேம் காணாமல் போகும். முதலில் ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளில் 60-ஐ நிலையான வேகத்துக்கு மாற்றுங்கள். பிறகு 30 ஃப்ரேம் டைம்லைனில் போட்டு ஏற்றுமதி செய்யுங்கள். அப்போது ஆப்டிக்கல் ஃப்ளோ, ஃப்ரேம் பிளெண்டிங் என்ற அமைப்புகள் இரண்டும் அணைந்திருக்க வேண்டும். அணைக்காவிட்டால் இரண்டு ஃப்ரேமைக் கலந்து ஒன்றாக்கி ஒரு போலிப் படத்தைத் தரும். சந்தேகமிருந்தால் ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பாருங்கள். நடக்கிறவருக்கு மூன்று கால் தெரிந்தால் கலந்துவிட்டது என்று அர்த்தம்.

இரண்டு கோப்புக்கும் 1, 2 என்று மட்டும் பெயர் வைத்து, வேறொருவரை ஓட்டச் சொல்லுங்கள். எது எது என்று அவர் சொல்லக்கூடாது. பக்கவாட்டு நடையில் எவரும் கண்டுபிடித்துவிடுவார்கள். முகத்தில் பலர் தடுமாறுவார்கள். நீங்களும் தடுமாறினால், படத்தின் பெரும்பகுதியான பேச்சுக் காட்சிகளில் உங்களுக்குப் பெரிய தொந்தரவு இருக்காது. முகத்திலேயே உறுத்தினால் 24-க்கே டிக்கெட் எடுங்கள், யார் என்ன சொன்னாலும் பொருட்படுத்தாமல்.

டிக்கெட் விஷயத்தில் ஏமாறுவது எளிது. 3டி என்று போட்டிருப்பதெல்லாம் எச்எஃப்ஆர் (ஹை ஃப்ரேம் ரேட், அதாவது 24-ஐவிட அதிக ஃப்ரேம்) அல்ல, ஐமேக்ஸ் என்று போட்டிருப்பதும் அல்ல. ஹாபிட் வெளியானபோது 48 என்பது சில அரங்குகளுக்கு மட்டுமே கிடைத்தது, அதுவும் 3டி-யில். காரணம் புரொஜெக்டர். 48 ஃப்ரேம் 3டி என்றால் இரண்டு கண்ணுக்குமாக நொடிக்கு 96 படம். பழைய சர்வரிலிருந்து கேபிள் வழியாக அதை அனுப்ப முடியாது. புரொஜெக்டருக்குள்ளேயே பொருத்தப்படும் ஒருங்கிணைந்த மீடியா பிளாக் (படத்தை அங்கேயே விரித்துத் தரும் கருவி) வேண்டும். அரங்குக்குப் போன் செய்தால் ‘எச்எஃப்ஆர் இருக்கா’ என்று கேட்காதீர்கள், இருக்கு என்பார்கள். ‘இந்தக் குறிப்பிட்ட ஷோவுக்கு வந்திருப்பது 48 ஃப்ரேம் பதிப்பா’ என்று கேளுங்கள். ‘தி வே ஆஃப் வாட்டர்’ எச்எஃப்ஆர் பதிப்பில் இன்னொரு நுணுக்கம்: தண்ணீருக்குள், பறக்கும் காட்சிகளில் 48, அமைதியான பல காட்சிகளில் 24-ஐயே ஒவ்வொரு ஃப்ரேமும் இருமுறை காட்டியது. மாறும் இடம் சிலருக்கு உறுத்தியது. முழுக்க 48 என்றால் கண் ஒருமுறை பழகினால் போதும், இதில் திரும்பத் திரும்பப் பழக வேண்டியிருந்தது.

இருக்கை நடுவில், பின்னாலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில். முன்வரிசையில் 24 ஃப்ரேம் 3டி பார்த்துத் தலைவலி வந்தவர்கள் 48-ல் நிம்மதி அடைவதுண்டு, தாவல் சிறிதாவதால். தொடக்கத்தில் எல்லோரும் கொஞ்சம் வேகமாக நடப்பதுபோல் தோன்றும். ஓட்டம் வேகமாகவில்லை, உங்கள் கண் பழகவில்லை. அரை மணி நேரம் கொடுங்கள். அதற்குப் பிறகும் செட்டின் பிளாஸ்டர், ஒட்டு தாடியின் விளிம்பு கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் குறையில் ஒரு பங்கு ஒப்பனைக்கும் விளக்கு வைப்புக்கும் போக வேண்டும். கூர்மை கூடினால் அவையும் மாறியாக வேண்டும்.

கடைசியாக வீட்டு டிவி. ஹாபிட் டிஸ்க்கில் இருப்பது 24 மட்டுமே. அதை வீட்டில் ஓட்டி ‘இதுதான் அந்த 48’ என்று யாராவது காட்டினால், டிவி தானாகச் செருகிய இடைப்படங்களைத்தான் காட்டுகிறார். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் பிக்சர் கிளாரிட்டி அமைப்புகளுக்குள் போய் அணையுங்கள். ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதைப் போட்டாலே போதும். அணைந்ததா என்று பார்க்க, கம்பி வேலியோ ஜன்னல் கிராதியோ பின்னணியில் இருக்க ஒருவர் குறுக்கே நடக்கும் காட்சியை ஓட்டுங்கள். தோளைச் சுற்றிக் கம்பிகள் நெளிந்தால் இன்னும் அணையவில்லை.