பழைய சோல், ஆப்பிரிக்க ரெக்கார்டு தேடணுமா? முதல்ல லேபிளைப் படிக்கப் பழகுங்க

சோல்னு சொல்ற அமெரிக்கக் கறுப்பின மக்களோட பாட்டு, ஆப்பிரிக்கப் பாட்டுன்னு அரிய ரெக்கார்டு தேடுறேன்னு கிளம்புற முக்கால்வாசி பேரு நேரா டிஸ்காக்ஸ்னு ரெக்கார்டு வாங்கி விக்கிற வெப்சைட்ல போய் விலை அதிகமா இருக்கறதுல இருந்து வரிசையா பாத்துட்டு வருவாங்க, நானும் ஆரம்பத்துல அந்தக் கூத்தைத்தான் பண்ணேன். ஒரு ரெக்கார்டு விலை ஏறிடுச்சுன்னா அதை யாரோ ஏற்கனவே கண்டுபிடிச்சு, கிளப்ல போட்டு ஆடி, அடிச்சுப் பிடிச்சு ஏலத்துலயும் எடுத்து முடிச்சாச்சுன்னு அர்த்தம். ஃப்ராங்க் வில்சன் 1965-ல மோட்டவுன் கம்பெனிக்குப் பாடின அந்த 45 (நிமிஷத்துக்கு 45 சுத்து சுத்துற, பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்குற சின்னத் தட்டு) தெரியும்ல, வெளியிடாமலேயே நிறுத்திட்டாங்க, கைவிட்டு எண்ணுற அளவுக்குத்தான் காப்பி மிச்சம், 2020-ல ஒண்ணு ஒரு லட்சம் பவுண்டுக்குப் போச்சு. அதுல நீங்களும் நானும் புதுசா கண்டுபிடிக்க என்ன இருக்கு? ஃபோன்லயே கேட்டுக்கலாம், அருமையான பாட்டு.

நமக்கு வேண்டியது இன்னும் யாரும் கண்டுக்காதது. அதுக்கு அது ஏன் காணாம போச்சுன்னு முதல்ல புரிஞ்சுக்கணும், ஏன்னா அமெரிக்கால ஒரு காரணம், ஆப்பிரிக்கால வேற காரணம்.

அமெரிக்கால 60-கள், 70-கள்ல ஊருக்கு ஊர் ஒரு குட்டி லேபிள், அதாவது ரெக்கார்டு போடுற கம்பெனி, இருந்துச்சு. சில நூறு காப்பி அடிப்பாங்க, உள்ளூர் ரேடியோ டிஜே கையில கொஞ்சம் குடுப்பாங்க, மிச்சத்தைக் கச்சேரி நடக்குற எடத்துலயே விப்பாங்க, டிஸ்ட்ரிபியூட்டர் கிடைக்கலேன்னா அந்த ஊர் எல்லையைத் தாண்டாது, அவ்ளோதான் அதோட ஆயுசு. ஒஹாயோல கொலம்பஸ்னு ஒரு ஊரு, அங்க பில் மாஸ்னு ஒரு ரேடியோ டிஜே 'கேப்சோல்'னு லேபிள் நடத்தினாரு, கொஞ்ச வருஷத்துல மூடிட்டாங்க, 2004-ல சிகாகோவோட நியூமெரோ குரூப் தொகுத்துப் போட்டதுக்கு அப்புறம்தான் வெளியூர்க்காரங்க நிறைய பேருக்கு அப்படி ஒண்ணு இருந்ததே தெரிஞ்சுது. பாட்டுல ஒரு குறையும் கிடையாது. சரக்கு வண்டி ஏறல, அதான் விஷயம்.

ஆப்பிரிக்கால கதை வேற. நைஜீரியா, கானா, பெனின்ல பல ரெக்கார்டு அந்தக் காலத்துல நல்லாவே வித்துச்சு. ஆனா தேஞ்ச ஊசில, ராத்திரி பூரா பார்ட்டில ஓடி ஓடி, ஈரப்பதத்துல கவர் பூஞ்சை புடிச்சு, அப்புறம் கேசட் வந்ததும் தட்டெல்லாம் மூலைக்குப் போயிடுச்சு. அதனால அங்க அபூர்வம் ரெக்கார்டு இல்ல, சுத்தமா ஓடுற காப்பி. இந்த வித்தியாசம் தெரியாம காசு குடுத்தீங்கன்னா ஒண்ணு ஏமாறுவீங்க, இல்ல நல்ல பாட்டைக் கீறலுக்காக விட்டுடுவீங்க.

ஆரம்பிக்கறதுக்கு பழைய பாட்டை மறுபடி வெளியிடுற ரீஇஷ்யூ தொகுப்பு ஒண்ணு போதும். ஸ்ட்ரட் கம்பெனி 2001-ல போட்ட 'நைஜீரியா 70', சவுண்ட்வே 2002-ல போட்ட 'கானா சவுண்ட்ஸ்', அனலாக் ஆப்பிரிக்கா 2008-ல பெனின், டோகோ பாட்டெல்லாம் சேத்துப் போட்ட 'ஆப்பிரிக்கன் ஸ்க்ரீம் கான்டெஸ்ட்', இதுல எதாவது ஒண்ணு. கேட்டுட்டு ஒரே ஒரு பாட்டைப் புடிங்க, உங்களை உலுக்கின பாட்டு. உள்ள இருக்குற புக்லெட்டை வரி விடாம படிங்க, அதுலதான் ஊர் பேரு, ஸ்டூடியோ பேரு, கூட வாசிச்சவங்க பேரு எல்லாம் இருக்கும்.

இப்ப முக்கியமான வேலை, லேபிளை, அதாவது தட்டு நடுவுல ஒட்டியிருக்குற வட்டக் காகிதத்தைப் படிக்கிறது. ஒரு அமெரிக்க 45-ஐ கையில எடுத்துக்கோங்க. பெருசா இருக்குற பாடகர் பேரை விடுங்க, பாட்டுத் தலைப்புக்குக் கீழ பொடி எழுத்துல இருக்கறதைப் பாருங்க: எழுதினவர், பப்ளிஷிங் கம்பெனி, தயாரிச்சவர், எந்த வாத்தியம் எங்க வரணும்னு அரேஞ்ச் பண்ணவர், சில சமயம் அடியில தெரு விலாசமே இருக்கும். பாடகர் ஒரு ரெக்கார்டோட காணாம போயிருப்பாரு, ஆனா அரேஞ்சர் அதே ஊர்ல வேற அஞ்சு லேபிளுக்கு வேலை பாத்திருப்பாரு. அந்தப் பேரைப் போட்டுத் தேடுங்க. எனக்கு இதுவரைக்கும் கிடைச்ச நல்லதுல பாதி இப்படி வந்ததுதான். அப்புறம் மறக்காம பி-சைடைப் போடுங்க, ஏ-சைடு ரேடியோவுக்காகக் குழைஞ்சு பாடினதா இருக்கும், பின்னாடி அதே பேண்டு யாருக்கும் பயப்படாம வாசிச்சிருக்கும்.

அடுத்து, பாட்டு முடிஞ்சு லேபிள் வரைக்கும் வெறுமையா ஒரு வளையம் இருக்கும்ல, அதை விளக்குக்குக் கீழ சாய்ச்சுப் பாருங்க. கீறின எழுத்து, எண் எல்லாம் தெரியும். சின்ன முக்கோணம் போட்டு பக்கத்துல எண் இருந்தா லாஸ் ஏஞ்சலஸ் மோனார்க் ஃபேக்டரில அடிச்சது, அந்த எண் வரிசையா ஏறிக்கிட்டே போகும், அதனால வருஷம் போடாத ரெக்கார்டுக்கும் தோராயமா காலம் சொல்லிடலாம். சின்சினாட்டில ரைட்னு ஒரு ஃபேக்டரி, காசு கட்டினா சர்ச்சு, ஸ்கூலு, குட்டி பேண்டுன்னு யாருக்கு வேணா கொஞ்சமா அடிச்சுக் குடுத்தவங்க. அங்க அடிச்ச ரெக்கார்டு கண்ணுல பட்டா நான் ஒரு தடவையாவது போட்டுக் கேட்காம விட மாட்டேன், பத்துல எட்டு ஒண்ணுத்துக்கும் உதவாது, இருந்தாலும்.

டூப்ளிகேட்டும் இங்கதான் மாட்டும். இங்கிலாந்துல பழைய அமெரிக்க சோல் 45-ஐப் போட்டு ஆடின நார்தர்ன் சோல் கூட்டம் இருந்துச்சு, அவங்களோட பேர்போன கிளப் விகன் கசீனோ 1973-ல இருந்து 1981 வரைக்கும் ஓடின காலத்துல, கிராக்கி இருந்த 45-க்கெல்லாம் திருட்டு அச்சு வந்துச்சு. அச்சு மங்கலா இருக்கும், ஒரிஜினல்ல முத்திரையா குத்தினது இதுல கையால கிறுக்கினதா இருக்கும், ஒரிஜினல் ஸ்டைரீன்ங்கற பிளாஸ்டிக்னா இது வினைலா இருக்கும். அந்த டிஜேக்கள் இன்னொரு வேலையும் பண்ணாங்க, போட்டிக்காரன் பாத்துடக் கூடாதுன்னு லேபிள் மேல பேப்பரை ஒட்டி வாய்க்கு வந்த பேரைச் சொல்லிடுவாங்க. அதனால அந்தக் காலத்து கிளப் டேப்புல ஒரு பாடகர் பேரு எங்க தேடியும் கிடைக்கலேன்னா அப்படி ஒரு ஆளே இல்லாம இருக்கலாம், தலையைப் பிச்சுக்காதீங்க.

ஆப்பிரிக்க ரெக்கார்டுக்கு வேற வழி இருக்கு, கேட்டலாக் எண், அதாவது ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் கம்பெனி போடுற வரிசை எண். கினி நாட்டு அரசாங்க லேபிள் சிலிஃபோன்ல எல்பின்னா (நிறைய பாட்டு இருக்குற பெரிய தட்டு) எஸ்எல்பி, 45-ன்னா எஸ்ஒய்எல்னு ஆரம்பிக்கும். நைஜீரியால அஃப்ரோடிசியா எல்பில டிடபிள்யூஏபிஎஸ், இஎம்ஐல என்இஎம்ஐ, பெனின்ல அல்பரிக்கா ஸ்டோர்னா ஏஎல்எஸ். ஒரு நோட்டுல ஒரே ஒரு லேபிளை எடுத்து எண் வரிசையா எழுதுங்க, தெரிஞ்சதுக்கு நேரா பேரைப் போடுங்க. கொஞ்ச நாள்ல நடுவுல ஓட்டை தெரிய ஆரம்பிக்கும், இதுக்கு முன்னாடி எண்ணும் இருக்கு, அடுத்த எண்ணும் இருக்கு, இது மட்டும் எங்கன்னு. அந்த எண் அச்சுக்கே போகாம இருந்திருக்கலாம், இல்லேன்னா யாரும் கண்டுக்காத ரெக்கார்டு அங்கதான் உக்காந்திருக்கு. எத்தியோப்பியா பக்கம் போனா லேபிள் அம்ஹாரிக் எழுத்துல இருக்கும், ஒரே பேரை ஆங்கிலத்துல நாலு விதமா எழுதியிருப்பாங்க, நாலையும் போட்டுத் தேடணும். ரெக்கார்டு போடுற உரிமை அரசாங்கத்துக்கு மட்டும்தான்னு இருந்தப்ப 1969-ல அதை மீறி அம்ஹா எஷெட்டேன்னு ஒரு இளைஞர் தைரியமா ஆரம்பிச்ச லேபிள் ஒண்ணு இருக்கு, அம்ஹா ரெக்கார்ட்ஸ், அந்த வரிசையில இருந்து தொடங்கினா நல்லது.

வாங்குறப்போ, தட்டு எந்த நிலைமைல இருக்குன்னு விக்கிறவர் போடுற கிரேடை நம்பிக் காசு கட்டாதீங்க. 'விஜி பிளஸ்'னு, அதாவது நல்ல நிலைமைன்னு போட்டிருந்த ஒரு 45-ஐ வாங்கி ஆசையா போட்டா கருவாடு வறுக்குற சத்தம். கண்ணால பாத்து போட்ட கிரேடா, ஓட விட்டுக் கேட்டுப் போட்ட கிரேடான்னு நான் கேட்கல, என் தப்புதான். ஸ்டைரீன் தட்டு பாக்கப் பளபளன்னு இருக்கும், தேஞ்ச ஊசி ஓடியிருந்தா உள்ள ஒண்ணும் மிச்சம் இருக்காது. அரை நிமிஷம் ஓட விட்டு வீடியோ அனுப்பச் சொல்லுங்க. கழுவுறதுக்கு டிஸ்டில்டு வாட்டர், மெல்லிசான துணி போதும், 78-னு சொல்ற இன்னும் பழைய ஷெல்லாக் (அரக்கு) தட்டு மேல ஆல்கஹால் பட்டா கரைஞ்சே போயிடும், ஸ்டைரீன்லயும் நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன்.

கடைசியா, பாடினவங்க, வாசிச்சவங்களையே தேடுறது. எத்தியோப்பியா கீபோர்டு கலைஞர் ஹைலு மெர்ஜியா வாஷிங்டன்ல டாக்ஸி ஓட்டிக்கிட்டு இருந்தாரு, 1985-ல அவர் போட்ட கேசட்டை ஒருத்தர் எடுத்துக் கேட்டு அவரையே தேடிப் புடிச்சதாலதான் 2013-ல அது மறுபடி வந்துச்சு. கானாக்காரர் அட்டா காக்கோட 1994 கேசட்டுக்கு ஆளைத் தேடியே வருஷக்கணக்காச்சு, 2015-லதான் ரீஇஷ்யூ வந்துச்சு. எல்லாருக்கும் இது இனிக்காது, நைஜீரியாவோட வில்லியம் ஒன்யெபோர் தன் பழைய பாட்டைப் பத்திப் பேசவே விரும்பல, அதையும் மதிக்கணும். யாராவது போனை எடுத்துட்டாங்கன்னா முதல் பேச்சுலயே வீட்டுல எத்தனை காப்பி இருக்குன்னு கேட்டுத் தொலைக்காதீங்க, இந்தக் கேள்வியோட வந்தவங்க நிறைய பேரை அவங்க பாத்திருப்பாங்க. அந்தப் பாட்டுல டிரம்ஸ் அடிச்சது யாருன்னு கேளுங்க. அவன் பேரைச் சொல்லிட்டு, அவன் அதுக்கு முன்னாடி எந்த பேண்டுல இருந்தான்னும் சேத்துச் சொல்லுவாரு, நீங்க நோட்டைப் பக்கத்துல வெச்சுக்கோங்க.