சிறிய கூடத்தில் மல்யுத்தம் பார்க்கப் போகிறவர்களுக்கு

தொண்ணூறுகளில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். சீட்டுகளைக் கையில் விரித்து, உயரம், எடை, மார்பளவு என்று சொல்லிச் சொல்லி எதிராளியின் சீட்டைப் பிடுங்கிய தலைமுறைக்கு, தொழில்முறை மல்யுத்தம் என்றதும் வாணவேடிக்கையும் ராட்சதத் திரையும் பல்லாயிரம் பேர் நிறைந்த அரங்கமும்தான் நினைவுக்கு வரும். அதே கலை அமெரிக்காவில் இன்னொரு வடிவிலும் உயிரோடு இருக்கிறது. முன்னாள் படைவீரர் சங்கத்தின் கூடம், தேவாலயத்தின் அடித்தளம், பள்ளி உடற்பயிற்சிக்கூடம் போன்ற இடங்களில் சில நூறு மடக்கு நாற்காலிகளைப் போட்டு, பெரிய நிறுவனங்களைச் சாராத சிறு அமைப்பாளர்கள் நடத்தும் இந்நிகழ்ச்சிகளை ரசிகர்கள் சுருக்கமாக ‘இண்டி’ என்பார்கள். நியூ ஜெர்சியிலும் பென்சில்வேனியாவிலும் குடியேறிய தமிழர்கள் பலருக்கு இத்தகைய கூடம் ஒன்று அதிகத் தொலைவில் இருக்காது. ஆனால் தொலைக்காட்சியில் பழகிய கண்ணோடு போய் உட்காருபவருக்குப் பாதி மாலை வீணாகிவிடும், ஏனெனில் இங்கே பார்வையாளரும் ஆட்டத்தில் ஒரு பாத்திரம்.

எந்த நிகழ்ச்சிக்குப் போவது என்பதை முதலில் முடிவு செய்யவேண்டும். இண்டி என்ற ஒரே பெயரின் கீழ் மிகவும் வேறுபட்ட மாலைகள் விற்கப்படுகின்றன. குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கக்கூடிய, வில்லனைக் கண்டதும் கூடமே கூச்சலிடும் எளிய நிகழ்ச்சிகள் ஒரு வகை. ஆட்டத்திறனையே முன்னிறுத்தி, இருபது முப்பது நிமிடம் நீளும் போட்டிகளைக் கொண்டவை இன்னொரு வகை. மூன்றாவது வகை ‘டெத் மேட்ச்’ எனப்படும் இரத்தக்களரி. குழல்விளக்கு, முள்கம்பி, கண்ணாடித் தகடு ஆகியவற்றின்மீது விழுந்து எழும் இவ்வாட்டத்துக்கென்றே சி.இசட்.டபிள்யூ. என்ற அமைப்பு 2002 முதல் டெலவேரில் திறந்தவெளிப் போட்டித்தொடர்களை நடத்தியது. அங்கே வழியும் இரத்தம் சாயம் அன்று. உடைந்த கண்ணாடி முன்வரிசைவரை தெறிக்கும். ஆகவே நுழைவுச்சீட்டு வாங்குமுன் அமைப்பாளரின் பழைய காணொளி ஒன்றையேனும் பார்த்துவிடுவது நல்லது. பல சிறு அமைப்புகளின் நிகழ்ச்சிகள் ஐ.டபிள்யூ.டிவி என்னும் சந்தாத் தளத்தில் கிடைக்கின்றன. குழந்தைகளோடு போவதாக இருந்தால், வயதுக் கட்டுப்பாடு உண்டா என்று அமைப்பாளரிடமே எழுதிக் கேட்கலாம். பெரும்பாலும் அவரே பதில் எழுதுவார், ஏனெனில் நுழைவுச்சீட்டு விற்பதும் நாற்காலி போடுவதும் அவராகத்தான் இருக்கும்.

சுவரொட்டியில் ஆட்டக்காரர் பட்டியல் மாறக்கூடும் என்றொரு வரி சிறிய எழுத்தில் இருக்கும். அதைச் சட்டத்துக்காகப் போட்ட வரி என்று கடந்துவிடக் கூடாது. இவ்வாட்டக்காரர்களில் பலர் வாரநாள்களில் வேறு வேலை பார்த்துவிட்டு, வெள்ளி இரவில் ஓர் ஊர், சனி மாலையில் இன்னோர் ஊர் என்று காரிலேயே சுற்றுகிறவர்கள். காயமோ பனிப்பொழிவோ ஒரே நாளில் பட்டியலைப் புரட்டிப்போட்டுவிடும். ஒருவருடைய பெயரை மட்டும் நம்பிப் போகிறவர் ஏமாறுவார். அமைப்பின் தரத்தை நம்பிப் போகிறவருக்கு அந்த ஏமாற்றம் அரிது.

புகழ்பெற்ற கூடத்தில்தான் தொடங்கவேண்டும் என்பவர்களுக்குத் தென் ஃபிலடெல்ஃபியாவில் ஸ்வான்சன் தெருவில் உள்ள 2300 அரீனாவைச் சொல்வேன். பிங்கோ ஆடும் கூடமாக இருந்த இதனை 1993 முதல் இ.சி.டபிள்யூ. என்ற மல்யுத்த நிறுவனம் தன் வீடாக்கிக்கொண்டது, அந்நிறுவனம் 2001இல் வீழ்ந்த பின்னும் அங்கே மல்யுத்தம் நிற்கவில்லை. பிராட் தெரு சுரங்க ரயிலிலிருந்து நடந்தால் ஒரு மைலுக்கு மேல் ஆகும் என்பதால் காரில் போவதே வசதி. அதே நகரத்தின் மர்பி பொழுதுபோக்கு மையத்தில்தான் 2002 பிப்ரவரியில் ரிங் ஆஃப் ஹானர் என்ற மல்யுத்த அமைப்பு தன் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. அன்றைய இறுதி ஆட்டத்தில் மோதிய மூவரில் ஒருவரான பிரையன் டேனியல்சன், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, தொழில்முறை மல்யுத்தத்தின் மிகப் பெரிய ஆண்டு நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவின் இறுதி ஆட்டத்தில் வென்று பட்டம் ஏந்தினார். எல்லாருக்கும் அப்படி அமையாது என்றாலும், இன்று உங்களிடம் சட்டை விற்கும் இளைஞர் நாளை தொலைக்காட்சியில் தோன்றுவது இங்கே நடக்காத கதை அன்று.

இருக்கையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். முன்வரிசை விலை கூடியது. முதல்முறை போகிறவர் அதை வாங்கவேண்டிய தேவை இல்லை என்பது என் கருத்து. சிறிய கூடத்தில் ஐந்தாவது வரிசையிலிருந்தே மூச்சிரைப்பு கேட்கும். அத்துடன், முன்வரிசைக்காரருக்குப் பொறுப்பும் கூடுகிறது. ஆட்டம் கயிற்றைத் தாண்டி வெளியே வந்தால், அது முதலில் விழுவது அந்த நாற்காலிகள்மீதுதான். தடுப்பு வேலி இல்லாத கூடங்களே அதிகம். இருவர் உங்கள் பக்கமாக வருகிறார்கள் என்று தெரிந்ததும் எழுந்து, குழந்தையையும் பையையும் எடுத்துக்கொண்டு, நாற்காலியை விட்டுவிட்டு நகர்ந்துவிடவேண்டும். நடுவரோ பயிற்சி மாணவர்களோ முன்கூட்டியே கையசைத்து எச்சரிப்பார்கள். அவர்கள் ஆட்டக்காரரைக் காக்க வந்தவர்கள் போலத் தோன்றினாலும், உண்மையில் காப்பது உங்களை. சூடான காபியைக் காலடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்காருவது மடமை. ஒருமுறை அவ்வாறு உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கதவு திறக்கும் நேரத்துக்கும் முதல் மணி அடிக்கும் நேரத்துக்கும் இடையே பெரும்பாலும் ஒரு மணி நேரம் விடுவார்கள். அந்த நேரத்திலேயே போய்விடுவது நல்லது. கூடத்தின் ஓரத்தில் மேசைகள் போட்டு ஆட்டக்காரர்கள் தாங்களே நின்று சட்டை, கையொப்பமிட்ட புகைப்படம், ஒட்டுவில்லை ஆகியவற்றை விற்பார்கள். இதனை ‘மெர்ச் மேசை’ என்பது வழக்கம். புதியவர்களில் பலருக்கு அன்றைய ஆட்டத்துக்குக் கிடைக்கும் ஊதியம் பெட்ரோல் செலவுக்கே சரியாகப் போய்விடும் என்பதால், இம்மேசையில் விற்பதுதான் அவர்கள் உண்மையான வருமானம். ஐந்து, பத்து, இருபது டாலர் நோட்டுகளாகச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். கைபேசிவழிப் பணம் அனுப்புவதைப் பலரும் ஏற்றுக்கொண்டாலும், கூடத்தின் சுவர்களுக்குள் இணைப்பு கிடைக்காமல் திண்டாடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். சைவ உணவுக்காரர்கள் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வருவது நலம். பீட்சாத் துண்டும், ஃபிலடெல்ஃபியா பக்கமானால் உப்புத் தூவிய பிரெட்ஸலும் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

மேசையருகே கேட்கக்கூடாத கேள்வி ஒன்று உண்டு: ‘இதெல்லாம் பொய்தானே?’ முடிவு முன்பே தீர்மானிக்கப்படுவது யாருக்கும் தெரியாத இரகசியம் அன்று. அரசின் விளையாட்டு ஒழுங்குமுறைகளிலிருந்து விலக்குப் பெறுவதற்காக, 1989இல் நியூ ஜெர்சி செனட்டின் முன் டபிள்யூ.டபிள்யூ.எஃப். தரப்பே மல்யுத்தம் உண்மையான போட்டி அன்று, பார்வையாளரை மகிழ்விக்கும் கேளிக்கை என்று ஒப்புக்கொண்டது. ஆனால் விழுவது உண்மை. ரிங்கின் அடியில் இருப்பது எஃகுச் சட்டகம்; அதன்மேல் மரப்பலகைகள், மெல்லிய நுரைவிரிப்பு, இறுக்கிக் கட்டிய கித்தான். முதுகைப் பரப்பி, முகவாயை மார்போடு ஒட்டி, அதிர்வை உடல் முழுவதும் பகிர்ந்து விழும் ‘பம்ப்’ என்ற கலையைப் பழக மாதக்கணக்கில் ஆகும். அப்படி விழுந்து எழுந்தவர் முகத்துக்கு நேரே பொய் என்று சொல்வது, இரவெல்லாம் ஆடி முடித்த கூத்துக்கலைஞரிடம் ‘நீங்கள் நிஜத் துரியோதனன் இல்லையே’ என்பதற்குச் சமம்.

கூத்தை வேண்டுமென்றேதான் இழுத்தேன். நம் ஊர்த் தெருக்கூத்தில் கட்டியங்காரன் கூட்டத்தை வம்புக்கு இழுப்பதையும், அதற்குக் கூட்டத்திலிருந்து யாராவது பதில் கொடுப்பதையும் பார்த்தவர்களுக்கு இண்டி கூடம் அந்நியமாகத் தோன்றாது. நல்லவராக வருபவரை ‘பேபிஃபேஸ்’ என்றும், கெட்டவராக வருபவரை ‘ஹீல்’ என்றும் சொல்வார்கள். ஹீல் ஒலிவாங்கியைப் பிடித்து உங்கள் ஊரையும் உங்கள் ஊர்க் கால்பந்து அணியையும் திட்டும்போது, அவர் கேட்பது உங்கள் கூச்சலை. கொடுத்துவிடுங்கள். நான் முதல்முறை கைகளைக் கட்டிக்கொண்டு, ஆய்வாளரைப் போல உட்கார்ந்திருந்தேன். ஹீல் கயிற்றின்மீது சாய்ந்து என்னைச் சுட்டிக்காட்டி, ‘இவர் வருமான வரிக் கணக்கு முடிக்க வந்திருக்கிறார் போலிருக்கிறது’ என்றார். கூடமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. கைகள் தாமாக அவிழ்ந்தன.

எப்போது என்ன கத்துவது என்பதைப் பக்கத்தில் இருப்பவர்களிடமிருந்து பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். மார்பில் திறந்த கையால் அறையும் ‘சாப்’ விழும்போதெல்லாம் கூட்டம் ‘ஊ’ என்று கூவும். அப்படிக் கூவுவதையே தன் அடையாளமாக்கிக்கொண்ட பழைய நட்சத்திரம் ரிக் ஃப்ளேருக்குச் செலுத்தும் மரியாதை அது. நடுவர் தரையைத் தட்டி எண்ணும்போது சேர்ந்து எண்ணலாம். இரண்டு பேருக்கும் ஆதரவாளர்கள் இருந்தால் கூடம் இரண்டாகப் பிரிந்து மாறிமாறிப் பெயர் சொல்லும். ஆனால் சரியான இடத்தில் வாயை மூடுவதும் இதே கலையின் பகுதி: அடிபட்ட நல்லவர் மெல்ல எழ முயலும்போது நகைச்சுவைத் துணுக்கு ஒன்றை எறிந்து, அந்தக் கணத்தைக் கொல்பவரை ஆட்டக்காரர்களும் வெறுப்பார்கள், அருகிலிருப்பவர்களும் வெறுப்பார்கள். ஹீலின் நடத்தையை, உடையை, கோழைத்தனத்தை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். நிறத்தையோ, பிறந்த நாட்டையோ, பெண் ஆட்டக்காரரின் உடலையோ பற்றிப் பேசுகிறவரை நல்ல அமைப்பாளர் வெளியே அனுப்பிவிடுவார்.

ஒரே ஓர் அடையாளத்தை மட்டும் கட்டாயம் தெரிந்துகொள்ளவேண்டும். நடுவர் தம் இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கிப் பெருக்கல் குறிபோலக் குறுக்கே வைத்தால், உண்மையாகவே யாருக்கோ காயம் ஏற்பட்டிருக்கிறது என்று பொருள். அப்போது கைபேசியைக் கீழே வைத்துவிட்டு, இருக்கையிலேயே அமைதியாக இருங்கள். உதவிக்கு ஓடுகிறவர்களுக்கு வழி தேவைப்படும்.

எதையும் ரிங்குக்குள் வீசக்கூடாது என்பது பொது விதி. ஜப்பானிய வழக்கத்தைப் பின்பற்றி வண்ணக் காகிதச் சுருள்களை வீசுவது சில கூடங்களில் உண்டு. அதுவும் மணி அடிப்பதற்குமுன், அறிமுகத்தின்போது மட்டும். விதி ஏன் வந்தது என்பதற்கு மேலே சொன்ன தென் ஃபிலடெல்ஃபியா கூடமே சாட்சி. 1994இல் டெரி ஃபங்க் என்ற ஆட்டக்காரர் கூட்டத்திடம் ஒரு நாற்காலி கேட்டார். ஒருவர் கொடுத்தார், அடுத்தவரும் கொடுத்தார், பிறகு நாலாபுறமிருந்தும் நாற்காலிகள் பறந்துவந்து, ரிங்கில் கிடந்த இருவரை ஏறத்தாழ மூடிவிட்டன. அந்தக் காட்சியை ரசிகர்கள் இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள். அடியில் கிடந்தவர்களின் இடத்திலிருந்து பார்த்தால் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

படம் எடுக்கலாம், ஒளி வீச்சை அணைத்துவிட்டு எடுங்கள், ஏனெனில் மேல்கயிற்றிலிருந்து தாவப்போகிறவரின் கண்ணில் அது பட்டால் இருவருக்கு ஆபத்து. முழு ஆட்டத்தையும் பதிவுசெய்து வெளியிடுவது அமைப்பாளரின் காணொளி விற்பனையைக் கெடுக்கும். இடைவேளையில் ஆட்டக்காரரோடு நின்று படம் எடுத்துக்கொள்ள விரும்பினால், முதலில் கேட்கவேண்டும், ஏதேனும் ஒன்றை வாங்கிவிட்டுக் கேட்பது இன்னும் அழகு, தோளில் கை போடுவதற்கும் தனியாக அனுமதி கேட்கவேண்டும். ஹீல் மேசையில் நின்றும் உங்களைச் சிடுசிடுத்தால் மனம் நோகாதீர்கள். இருபது டாலருக்குச் சட்டையும் வசவும் சேர்ந்து கிடைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். வேடத்தைக் கலைக்காமல் காப்பதற்கு அத்தொழிலில் ‘கேஃபேப்’ என்று பெயர். குழந்தை அருகில் நிற்கும்போது அதைக் காப்பாற்றுவதில் நமக்கும் பங்கு இருக்கிறது.

மொத்த நிகழ்ச்சியும் ஏறத்தாழ மூன்று மணி நேரம் போகும். தாமதமாகத் தொடங்குவதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இறுதி ஆட்டம் முடிந்ததும் வாகன நிறுத்தத்துக்கு ஓடவேண்டாம், எப்படியும் அங்கே நெரிசல்தான். சற்று முன்னர் நுழைவாயிலில் சீட்டுக் கிழித்தவர்களும், முதல் ஆட்டத்தில் தோற்றுப்போன பயிற்சி மாணவர்களும் சேர்ந்து கித்தானை உருவி, பலகைகளை ஒவ்வொன்றாக அடுக்கி, எஃகுக் கம்பங்களைத் தோளில் சுமந்து வண்டியில் ஏற்றுவதை அப்போது காணலாம். கூடத்தை நள்ளிரவுக்குள் காலிசெய்து ஒப்படைக்கவேண்டியிருக்கும் என்பதால் அவர்களுக்குப் பேச நேரம் இருக்காது. நீங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலியை மடித்துச் சுவரோரம் சாய்த்துவிட்டுக் கிளம்புங்கள்.